டிரான்ஸ்ஃபார்மர் வரை

ஏப்ரல் 26, சனி

இதனால் நாகல் நகர் நான்காவது சந்துவாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் இல்லத்துக் கழிவறை இன்று முற்பகல் மேலைநாட்டு முறைக்கு மாறியது. ரிப்பன் வெட்டப்படவில்லை. குத்துவிளக்கு ஏற்றப்படவில்லை. சிமெண்ட் காயும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று கொத்தனார் தடையுத்தரவு போட்டுவிட்டதால் திறப்பு விழா நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை பொதுமக்கள் (அப்பா, அம்மா, நான்) பக்கத்து வீட்டாரின் கருணையை நம்பி வாழ்கிறோம்.

இத்தனைக்கும் காரணம் அம்மா. அம்மாவுக்கு வலது இடுப்பை மாற்றப் போகிறார்கள். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி உருண்டையாக இருக்குமாம். அதற்கு ரத்தம் போகாமல் செத்து நொறுங்கிவிட்டதாம். வயது நாற்பத்து நாலுதான். “எலும்ப மாத்துனாத்தான் எழும்ப முடியும்” என்று நான் சொன்னதற்கு அப்பா முறைத்தார். அம்மா சிரித்தாள்.

அம்மா, அதாவது கலைமதி டீச்சர், அரசு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு கோ-கோ ஆடியவள். இப்போது அங்கே கோ-கோ அணியை மேய்க்கிறாள். அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள்ளும் உண்டு. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவர் இன்னொருவர் முதுகில் தட்டி “கோ!” என்றால், தட்டப்பட்டவர் உடனே எழுந்து உரிக்க வேண்டும். மறுபேச்சு கிடையாது. நான் நடக்கப் பழகும் முன்பே கோ பழகியவன்.

வரலாற்றுக்காக இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். நான் குறும்பு செய்தால் அம்மா துரத்துவாள். எங்கள் வாசலிலிருந்து சந்து முனை டிரான்ஸ்ஃபார்மர் வரை ஆடுகளம். டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுவிட்டால் எனக்கு விடுதலை. (நிஜமாகவே தொட்டால் நிரந்தர விடுதலை என்பார் அப்பா. அவர் மின்வாரியத்தில் லைன்மேன். அதனால் பக்கத்துக் கம்பத்தைத் தொடுவேன்.) சின்ன வயதில் இரண்டாவது வீட்டைத் தாண்டும் முன்பே காது அவள் கையில் இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்பு போனதிலிருந்து இந்த இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை. தோல்வியே காணாத தரணிஷ். திண்டுக்கல்லின் மின்னல்.

மே 2, வெள்ளி

மதுரை ஆஸ்பத்திரி. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். இடது பக்கம் உருண்டை. வலது பக்கம் எலி கடித்த லட்டு.

“வலி எத்தன நாளா?” என்று கேட்டார்.

“ஒரு ஆறு மாசம் இருக்கும் சார்.”

“டீச்சரே பொய் சொன்னா எப்படி? படம் சொல்லுதே. ரெண்டு வருசத்துக்குக் கம்மியா இருக்காது. இத வச்சுக்கிட்டு நடந்திருக்கவே கூடாதும்மா. இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“ஓடிக்கிட்டிருந்தேன் சார்” என்றாள்.

நான் ஃபேனைப் பார்த்தேன். டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அது அவர்கள் தொழில்.

எனக்குப் புரியாதது வேறு. தலைவலி என்றால் தெருவுக்கே அறிவிக்கிற அம்மா இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? அப்பாவிடம் கேட்டேன். “சொன்னா ஸ்கூல்ல உக்கார வச்சுருவாங்கன்னு பயந்திருப்பாடா” என்றார். அம்மாவும் பயமும் ஒரே வாக்கியத்தில் வந்து நான் கேட்டதில்லை.

மே 5, திங்கள்

அறுவை சிகிச்சை.

பதினோராயிரம் வோல்ட் லைனில் வேலை பார்க்கும் அப்பா, அம்மா கையில் ஊசி குத்துவதைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். “யாருக்குங்க ஆபரேசன்?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

நான் துளியும் பயப்படவில்லை. கீழே கேன்டீனுக்குப் போய் பரோட்டா சாப்பிட்டேன். பாதிதான் சாப்பிட்டேன். சால்னா சரியில்லை.

முடிந்தது. நன்றாக நடந்ததாம். அம்மா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது: “இவன் சாப்பிட்டானா?” இவன் என்றது அப்பாவையா என்னையா என்று எங்கள் இருவருக்கும் குழப்பம்.

மே 6, செவ்வாய்

மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். நாலு கால் அலுமினியச் சட்டம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பெயர் வாக்கர். வாக்குத் தவறாதவர் போலிருக்கிறது, அசையவே மாட்டேன் என்கிறார். அம்மா அதைப் பிடித்தபடி கதவு வரை போய் வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கை தட்டினேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மே 9, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிசியோதெரபி பார்க்க ஜெசிந்தா அக்கா வந்தார். மிகவும் பிசியான பிசியோ. ஒரு கையில் போன், ஒரு கையில் அம்மாவின் கால்.

சட்டங்களை வாசித்தார். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் கூடாது. கால்மேல் கால் கூடாது. குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. புதுக் காலை ஊன்றிக்கொண்டு சட்டென்று உடம்பைத் திருப்பக் கூடாது.

“இதெல்லாம் எவ்வளவு நாளைக்கும்மா?” என்று அம்மா கேட்டாள்.

“சிலது மூணு மாசம் டீச்சர். ஆனா குத்த வச்சு உக்கார்றத மறந்துருங்க.”

“மறந்துருங்கன்னா?”

“எப்பவுமேதான்.”

கோ-கோவில் துரத்தும் அணி நடுக்கோட்டில் வரிசையாகக் குத்தவைத்துத்தான் உட்கார்ந்திருக்கும். வருடா வருடம் புதுப் பிள்ளைகளுக்கு அப்படி உட்காரச் சொல்லித் தருவதுதான் அம்மாவின் முதல் பாடம். அவளே உட்கார்ந்து காட்டுவாள், ஸ்பிரிங் மாதிரி.

“சரிம்மா” என்றாள்.

அவ்வளவுதான். வாதாடவில்லை. இஸ்திரிக்காரரிடம் ஒரு சட்டைக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவள்.

மே 12, திங்கள்

தண்ணீர் கொடுத்தேன். அம்மா “தேங்க்ஸ்ப்பா” என்றாள். என்னிடம். ஏன்?

மே 15, வியாழன்

கத்திரி வெயில். அப்பா டியூட்டிக்குப் போய்விட்டார். வீட்டு நிர்வாகம் முழுவதும் என் தோளில். சாதம் வைத்தேன், அது களியாகி, களியென்றே பெயர் சூட்டப்பட்டது. அம்மாவுக்குக் காலுறை மாட்டிவிட்டேன். ரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டுவது முறுக்குக் குழலுக்குள் அண்டாவை நுழைப்பது போல. அம்மாவின் பாதத்தை இதற்கு முன்பு இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. குதிகாலில் பழைய காய்ப்பு இப்போது மெத்தென்று ஆகிவிட்டது. இது ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியவில்லை.

வீட்டில் கலகலப்பு வேண்டுமே என்று பொதுநலன் கருதி அம்மாவின் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டேன். கதவோரம் ஓடத் தயாராக நின்றேன். துரத்த முடியாவிட்டாலும் “எருமை!” என்று ஒரு சத்தம் வருமல்லவா?

அம்மா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். முழுவதும் குடித்து டம்ளரை நீட்டினாள். “போதும்ப்பா” என்றாள்.

டம்ளரைக் கழுவும்போது அடியில் இருந்ததை நக்கிப் பார்த்தேன். கடல்.

என் ஆராய்ச்சி முடிவு: எலும்பை மாற்றும்போது ஆஸ்பத்திரியில் ஆளையும் மாற்றிவிட்டார்கள். எங்கள் அம்மா மதுரையில் ஏதோ ஒரு கட்டிலில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள்.

மே 20, செவ்வாய்

அம்மா தலைமையாசிரியையிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, கதவுதான் காதை ஒட்டி இருந்தது.

“கோ-கோ டீம வேற யாருக்காவது குடுத்துருங்க மேடம். லீவு முடிஞ்சு வந்தாலும் நான் லைப்ரரிய பாத்துக்குறேன். இல்ல மேடம், யோசிச்சுட்டேன். உக்காந்து காட்ட முடியாதவ என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?”

பிறகு என்னைக் கூப்பிட்டாள். அலமாரியிலிருந்து விசிலை எடுக்கச் சொன்னாள். எஃகு விசில், சிவப்புக் கயிறு. நாலு வயதிலிருந்து அதற்காக அழுதிருக்கிறேன். ஒருமுறை திருடி ஊதியதற்குக் கம்பம் வரை ஓடியிருக்கிறேன்.

“வச்சுக்கடா. எனக்கு எதுக்கு” என்றாள்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊதவில்லை.

மே 25, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று சூறைக்காற்றில் மரங்கள் விழுந்து, அப்பா விடிய விடிய கம்பம் ஏறிவிட்டுக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். வந்தவரே பால் காய்ச்ச அடுப்படியில் நின்றார். அம்மா பக்கத்தில் உயர நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாக்கர் கதவருகே இருந்தது. பால் பொங்கும் நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. ஆபீஸ். பதினெட்டு வருடப் பழக்கம். அம்மாவின் முதுகில் தட்டி “கோ!” என்றுவிட்டுப் போனை எடுக்க ஓடினார்.

அம்மா எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. அம்மா கையில் வாக்கர் இல்லை.

“மருது!” என்று அப்பாவைப் பெயர் சொல்லி அலறினாள். அப்பா போனைப் போட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் பிடித்தார். நான் மறுபக்கம் பிடித்தேன். அப்பா, “நான் ஒரு கூறுகெட்டவன், நான் ஒரு கூறுகெட்டவன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பீன்ஸ் தரையெல்லாம்.

ஜெசிந்தா அக்கா வந்து காலை அப்படி இப்படி அசைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சிரித்தார். “நடந்துட்டீங்களே டீச்சர்! நான் இதத்தான ஒரு வாரமா கெஞ்சிட்டிருக்கேன்?”

“நான் நடக்கலம்மா. அது தானா நடந்துச்சு” என்றாள் அம்மா. கட்டிலில் போய்ப் படுத்தவள் சாயங்காலம் வரை எழவில்லை.

காலுக்கு நடக்கத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆள்தானே? தலை சுற்றுகிறது.

மே 27, செவ்வாய்

விஞ்ஞானி தரணிஷ் சோதனையை மீண்டும் நடத்தினார். பின்னால் பூனை போலப் போய் முதுகில் தட்டி, “கோ!”

அம்மா அசையவில்லை.

“ஃபவுல்” என்றாள். “தொரத்துறவங்கதான்டா கோ குடுக்கலாம். நீ யாரத் தொரத்திட்டு வந்த?”

விதி தெரிந்திருக்கிறது என்றால் இது எங்கள் அம்மாவாக இருக்கலாம். பிறகு தனியே வாங்கிக் கட்டிக்கொண்டேன், அப்பாவிடம். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். அவர் கேட்டபோதுதான் அதை யோசித்தேன். இனி பின்னாலிருந்து வர மாட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. நான் பத்தாம் வகுப்பு. இனி உலகமே எனக்கு அறிவுரை சொல்லும்.

அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொன்னாள். சீருடைப் பிள்ளைகள் போவதைப் பார்த்தாள். ஒரு பிள்ளை அண்ணாந்து பார்ப்பது போலத் தெரிந்ததும் திரையை இழுத்துவிட்டாள்.

ஜூன் 7, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! அம்மாவுக்கு நேராக நடப்பதில் பயம் இல்லை. திரும்புவதில்தான் பயம். கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை போவாள். அங்கே போய் நின்றுவிடுவாள். திருப்பினால் கழன்றுவிடும் என்று மனசுக்குள் ஓடுகிறது. ஜெசிந்தா அக்கா, “சின்னச் சின்ன எட்டா வச்சு வட்டமாத் திரும்புங்க டீச்சர்” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனார்.

கோ-கோவில் துரத்துகிறவர் ஒரு திசையில் ஓட ஆரம்பித்துவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது. கடைசியில் இருக்கும் கம்பத்தைச் சுற்றித்தான் திரும்ப முடியும். பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் எங்கள் வீட்டில் இது தெரியும்.

இரண்டு தண்ணீர் கேன்களை எடுத்துக் கூடத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துடைப்பக்கட்டையைச் சொருகினேன். “கம்பம்” என்றேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “கம்பம் இவ்வளவு குட்டையா இருக்காதுடா” என்றாள். ஆனால் நடந்தாள். முனைக்குப் போனாள். கேனைச் சுற்றினாள், சின்னச் சின்ன எட்டாக. திரும்பி வந்தாள். இந்தப் பக்கக் கேனையும் சுற்றினாள்.

ஜெசிந்தா அக்கா வாக்கரை எடுத்துக்கொண்டு கைத்தடியைக் கொடுத்தார். “யாரு சொல்லிக் குடுத்தது?” என்று என்னைக் கேட்டார். பிறவி மேதை என்றேன்.

ஜூன் 14, சனி

தடி இருக்கிறது. வீட்டுக்குள் நன்றாகப் போகிறாள், வருகிறாள். டாக்டரும் பார்த்துவிட்டு, தடி இல்லாமலே பழகலாம் என்றுவிட்டார். ஆனால் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். “சந்துல எல்லாரும் பாப்பாங்கடா, டீச்சர் நொண்டுதுன்னு.” யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். “நானே சொல்லுவேன்” என்றாள்.

இதற்கு என்னிடம் கேன் இல்லை.

ஜூன் 18, புதன்

பள்ளி விட்டதும் சைக்கிளில் பெண்கள் பள்ளிப் பக்கம் போனேன். காற்று வாங்க. வேறு காரணம் இல்லை. விசில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

கை வலிக்க எழுத வேண்டிய நாள். காதும் வலிக்கிறது.

காலையில் வாசலில் ஒரே சலசலப்பு. பார்த்தால் பெண்கள் பள்ளி கோ-கோ அணி, முழுதாக. கையில் ஆளுக்கொரு சாத்துக்குடி. முன்னால் கேப்டன் அஃப்ரின்.

“மிஸ், எங்கள வேற மிஸ்கிட்ட குடுத்துட்டீங்களாமே? அந்த மிஸ் எங்களுக்கு யோகா சொல்லித் தர்றாங்க மிஸ்” என்றாள். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

“உள்ள வாங்கடி” என்றாள் அம்மா.

“இத்தன பேரு உள்ள நிக்க முடியாது மிஸ். நீங்க வாங்க.” பிறகு பையிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்தாள். “இந்தாங்க மிஸ், உங்க விசில். அண்ணா அன்னைக்கு வந்து குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். கரண்ட் இல்லை, அது சுற்றவில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

அப்பா நாற்காலியை வாசல் கேட்டுக்கு வெளியே போட்டார். அம்மா தடியோடு வந்து உட்கார்ந்தாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். “லீவுல தின்னு தின்னு எப்படிக் கெட்டுப் போயிருக்கீங்கன்னு பாப்போம். வரிசையா உக்காந்து காட்டுங்க.”

சந்தின் நடுவில் வரிசையாகக் குத்தவைத்தார்கள். ஒருத்தி இந்தப் பக்கச் சுவரைப் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்து. “அஃப்ரின், குதிகால் தரையில பதியுது. மிருதுளா, நீ என்ன கோழி அடை காக்குற மாதிரி உக்காந்திருக்க?” உட்கார்ந்து காட்டாமலே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

நான் காபி போட்டேன். அம்மாவின் டம்ளரில் உப்பு. ஏன் போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மே மாதம் உப்புப் போட்டுக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால்.

ஒரு வாய்தான் குடித்தாள்.

தூவென்று துப்பினாள். “டேய்! எரும மாடே! உன்ன இன்னைக்கு...”

அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஒரு கணம் அப்படியே நின்று கேட்டேன். பிறகு ஓடினேன்.

நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா எழுந்துவிட்டாள். என்னைத் துரத்துகிறாள்! இரண்டு எட்டு, மூன்று எட்டு. முதல் ஆளின் முதுகில் தட்டினாள்.

“கோ!”

அஃப்ரின் சீறிக்கொண்டு வந்தாள். நான் இடப்பக்கம் ஒடித்தேன். “கோ!” எதிர்ப்பக்கம் பார்த்திருந்தவள் எழுந்தாள். வலப்பக்கம் ஒடித்தேன். “கோ!” எங்கள் சந்து இவ்வளவு குறுகல் என்று எனக்கு இதுவரை தெரியாது. யாரோ சட்டையைப் பிடித்தார்கள். கோழி மாதிரி உட்கார்ந்திருந்த அந்த மிருதுளா. ஏழாம் வகுப்பு. இரட்டைச் சடை. என் தோள் உயரம்கூட இல்லை.

நீளமாக விசில் ஒலித்தது.

அம்மா வந்துகொண்டிருந்தாள். லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடை. சந்து முழுக்க வாசல்களில் ஆள். அவள் கையில் ஒன்றும் இல்லை. தடி நாற்காலியோடு கேட்டருகே கிடந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு ஓடி வரப் போனவர், பாதியில் நின்றுவிட்டார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம்.

அம்மா என் காதைப் பிடித்து முறுக்கினாள். அதே பழைய முறுக்கு, ஒரு சுற்றும் குறையவில்லை. அப்புறம் காதை விட்டுவிட்டு, என்னைத் தாண்டி நேராக நடந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் வரை போனாள். பக்கத்துக் கம்பத்தைச் சுற்றினாள், சின்னச் சின்ன எட்டாக. திரும்பி வந்தாள்.

“நாளைக்கு மேடத்துக்குப் போன் பண்றேன்” என்று அஃப்ரினிடம் சொன்னாள். “யோகாவும் நல்லதுதான்டி. ஆனா போதும்.”

இனி, உண்மை.

அம்மா மனசு சந்தோஷப்படட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக ஓடியதாக முதலில் இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். முழு வேகத்தில்தான் ஓடினேன், செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு.

பிடிபட்டது இரண்டாவது வீட்டு வாசலில். அதே பழைய இடம். அப்படியென்றால் அந்த இரண்டு வருடமும் தோல்வியே காணாத நான் ஜெயித்தது யாரிடம் என்று டாக்டர் அன்றைக்கே படம் போட்டுக் காட்டிவிட்டார். நான்தான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லின் மின்னல் என்ற பட்டத்தை மிருதுளாவிடம் ஒப்படைக்கிறேன். ஆபரேசன் அன்றைக்குக் கேன்டீன் சால்னாவும் நன்றாகத்தான் இருந்தது.